கல்லுக்குள் தட்டியவன்

இது நடந்தது. நடுச்சாமத்தில் இல்லை, சுடுகாட்டில் இல்லை. மாத்தளைக்குப் பக்கத்து உக்குவளையில், ரயில் பாதையை ஒட்டி இருக்கிற ஒரு கல் பட்டறையில், பட்டப்பகலில் நடந்தது. பார்த்தவர்கள் நான்கு பேர். நால்வரும் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார்கள். மூன்று பேரிடம் நான் நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நான்காமவர் பேச மாட்டார். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைக் கேட்டபோது எனக்குப் பயம் வந்தது உண்மைதான். ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம் வந்தது. அது இன்னும் அடங்கவில்லை. நடுவில் நான் கொஞ்சம் சூடாகப் பேசினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை ஸக்கரியா முதலாளியுடையது. பள்ளிவாசல் மையவாடியில் புதைத்த இடத்தில் நடுகிற மீஸான் கல், கோயிலுக்கு உபயக் கல், பாடசாலைக்குத் திறப்புவிழாக் கல் என்று எல்லாச் சாதி சனத்தின் பெயரும் அங்கே வெட்டப்படும். விஜேந்திரன் மெஷினில் எழுத்து வெட்டுவான். வெட்டிய எழுத்துக்குள் மெல்லிய பிரஷ்ஷால் பெயின்ட் நிரப்புவது பரிமளம். நாற்பதைத் தாண்டியவள். கை நடுங்காது. வாயும் நடுங்காது. முதலாளியே அவளிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்.

போன வருசம் மழைக்காலம் தொடங்கும்போது பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. தெற்கே ஒரு துறைமுக ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க் கடற்கரையில் ஒரு நினைவுச் சின்னம் வைக்கப் போகிறார்கள். கப்பலின் மூக்கு மாதிரி கூர்ந்து நிற்கிற கறுப்புக் கல். அதில் ‘கடற்பணியில் உயிர் நீத்தோர் நினைவாக’ என்று மூன்று பாஷையிலும் எழுத வேண்டும். கீழே பெயர்கள்.

எந்தக் கப்பல் என்று முதலாளி சொன்னதுமே பரிமளத்தின் கையிலிருந்த பிரஷ் நின்றுவிட்டது.

துறைமுக வாசலில் மண் அள்ளுகிற சின்னக் கப்பல் அது. அதற்கு இரண்டு வருசத்துக்கு முன்னால், புயல் எச்சரிக்கை இருந்தும் கடலுக்கு அனுப்பினார்கள். வாசலைத் தாண்டியதும் ஒரே புரட்டு. கப்பல் அப்படியே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஒன்பது உடல்கள் கரை ஒதுங்கின. பத்தாவது ஆள் ஜீவராஜ். பரிமளத்தின் ஒரே தம்பி.

பெயர்கள் வந்த தாளை அவள் ஒருமுறை வாசித்தாள். பிறகு விரல் வைத்து வாசித்தாள். ஒன்பது பெயர்தான் இருந்தது.

ஜீவராஜ் ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். கடலைப் பார்த்ததே இருபது வயதுக்குப் பிறகுதான். தம்புள்ளைச் சந்தையில் மரக்கறி மூட்டை சுமந்துகொண்டிருந்தவனை ஒரு லொறிக்காரன் துறைமுக வேலைக்குக் கூட்டிப் போனான். கப்பல்காரர்களுக்கு ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. அது இவனுக்கு இல்லை. எடுத்துக் கொடுக்கிறோம் என்று கம்பெனி சொன்னது, சொல்லிக்கொண்டே இருந்தது. போனில் அவன் அதைக்கூடச் சிரிப்பாகத்தான் சொல்வான்.

“புக்கு இல்லாத ஆளு அக்கா நானு. ஆபீசருங்க செக் பண்ண வந்தா, திருட்டுப் பூனைய அடைச்சி வைக்கிற மாதிரி என்னையக் கீழ எங்கயாச்சும் ஒளிச்சிருவாங்க.”

கடைசியாகப் பேசிய அன்று, ஊருக்கு வர லீவு கேட்டிருப்பதாகச் சொன்னான். அந்த ஒரு வார்த்தையைக் கம்பெனி பிடித்துக்கொண்டது. லீவு கேட்டான், முந்தின நாளே இறங்கிவிட்டான், கப்பலில் அவன் இல்லவே இல்லை என்று சாதித்தது. உடலும் கிடைக்கவில்லை. செத்தவன் என்று எழுதித் தர ஆளில்லை. எங்கேயோ ஓடிப்போய் இன்னொருத்தியோடு இருக்கிறான் என்று பேச மட்டும் ஊரெல்லாம் ஆள் இருந்தது. அவன் மனைவி துஷாந்தினி கழுத்தில் தாலி கிடந்தது. அதைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் ஒரு பேச்சு, கழற்றலாமா என்றாலும் ஒரு பேச்சு. இருபத்தாறு வயதுப் பெண்ணை இப்படி அந்தரத்தில் தொங்கவிட்டுவிட்டு, கடற்கரையில் பளபளவென்று கல் வைக்கிறார்களாம்.

கல் வேலையைப் பார்க்கக் கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். பெயர் திவாகரன். நம்ம ஆள்தான். துறைமுகத்தில் அந்தக் கப்பலின் காரியங்களைக் கவனித்தவரும் அவரே. இஸ்திரி கலையாத சட்டை, கையில் இரண்டு போன்.

“சேர், இதுல ஒரு பேரு விட்டுப்போயிருக்கு,” என்றாள் பரிமளம்.

“என்ன பேரு?”

“ஜீவராஜ். பொன்னையா மகன் ஜீவராஜ். என் தம்பி.”

திவாகரன் போனிலிருந்து தலையை எடுக்கவில்லை.

“அவர் கப்பல்ல இருக்கல்ல. முந்தின நாளே இறங்கிட்டார்.”

“இறங்கினத நீங்க பாத்தீங்களா?”

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார். “இங்க பாருங்கம்மா. இது கடல்ல சேவை செஞ்சவங்களுக்கு வைக்கிற கல். ஓடிப்போனவங்களுக்கு இல்ல.”

பரிமளம் அந்தத் தாளை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அவள் பதில் சொல்லாமல் விட்டால் அது நல்லதுக்கு இல்லை என்று பட்டறையில் எல்லாருக்கும் தெரியும்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்ல வேண்டும். கருமாதிக்கு நாம் ஒரு கல் நிறுத்துவோம் இல்லையா? ஆற்றங்கரையில் ஒரு கல்லை எடுத்து, நூல் சுற்றி, செத்தவரை அதில் வந்து இருக்கச் சொல்லி, பாலும் தண்ணீரும் ஊற்றுவோம். காரியம் முடிந்ததும் அந்தக் கல்லை ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். வந்தவர் போக வேண்டும் அல்லவா, அதற்காக.

ஒரு வருசம் பார்த்துவிட்டு, இனி வர மாட்டான் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஜீவராஜுக்கும் கல் நிறுத்தினார்கள். தோட்டத்து ஓடையில் எடுத்த கறுப்புக் கல். உள்ளங்கைக்குள் அடங்கும். குறுக்கே வெள்ளையாக ஒரு ரேகை ஓடும். எல்லாம் முறைப்படி நடந்தது. கடைசியில் கல்லைத் தண்ணீரில் விடுகிற நேரத்தில் அவன் அம்மா நல்லம்மா மறித்துவிட்டாள்.

“தண்ணி எம்புள்ளைய ஒரு தடவ தின்னது போதும். இன்னொரு தடவ நான் குடுக்க மாட்டேன்.”

யார் சொல்லியும் அவள் கேட்கவில்லை. மஞ்சள் நூலோடு கல்லை வீட்டுக்குக் கொண்டு வந்து, மிளகுக் கொடி படர்ந்த மரத்தடியில் வைத்துவிட்டாள். வரவழைத்தவனைப் போகச் சொல்லவில்லை. பெற்ற மனம், யார் குறை சொல்ல முடியும்? ஆனால் தப்பு தப்புதான்.

அதற்கு மேலே பரிமளம் ஒரு தப்புச் செய்தாள்.

நினைவுச் சின்னத்துக்கு நடுவில் ஒரு கொங்கிரீட் கட்டை வரும். அதைச் சுற்றித்தான் கறுப்புக் கற்பலகைகளைப் பொருத்துவார்கள். அந்தக் கட்டையைப் பட்டறையிலேயே வார்த்தார்கள். வார்த்த அன்று பரிமளம் சோற்றுப் பெட்டியோடு சேர்த்து அந்தக் கல்லையும் கொண்டு வந்தாள். முதலாளி லுஹர் தொழுகைக்குப் போயிருந்தார்.

“அக்கா, இது என்ன?” என்றான் விஜேந்திரன்.

“ஜீவா. வெளிய எழுத மாட்டாங்கன்னா உள்ள இருக்கட்டும். பூ வைக்கிறவங்க எல்லாம் அவனுக்கும் சேத்து வைக்கட்டும்.”

விஜேந்திரன் சாந்துக் கரண்டியால் ஈரக் கொங்கிரீட்டை விலக்கிக் கொடுத்தான். அவள் கல்லை நூலோடு உள்ளே அழுத்தினாள். மேலே மூடிச் சமமாகத் தேய்த்தார்கள். அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் வார்ப்புப் பலகையைப் பிரித்தபோது கட்டை நன்றாக இறுகியிருந்தது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் ஈரம்.

“தண்ணி கூடிட்டு,” என்றார் முதலாளி.

வெயிலில் வைத்தார்கள். மத்தியானமும் ஈரம். சாயங்காலமும் ஈரம். துணியால் துடைத்தால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் வியர்த்தது.

அடுத்த நாள் விஜேந்திரன் மூக்கைச் சுளித்தான். “அக்கா, சோத்துக்குக் கருவாடா?”

அன்று அவள் கொண்டு வந்தது பருப்பும் தேங்காய்ச் சம்பலும். ஆனால் அவளுக்கும் அந்த வாடை வந்தது. கருவாடு இல்லை. உப்பும் எஞ்சின் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. மாத்தளையிலிருந்து எந்தப் பக்கம் போனாலும் கடலுக்கு அரை நாள் பயணம்.

பட்டறை நாய் எப்போதும் கற்பலகைகளின் நிழலில்தான் படுக்கும். அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய், வெயிலில் உட்கார்ந்து, பட்டறையையே பார்த்துக்கொண்டிருந்தது.

எழுத்து வெட்டி முடிந்து, பலகைகளைக் கட்டையில் பொருத்தினார்கள். பரிமளம் பெயர்களுக்கு வெள்ளை பெயின்ட் நிரப்பினாள். மூன்று நாளாகியும் பெயின்ட் காயவில்லை. நான்காம் நாள் எழுத்துகளின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

உப்பு.

அன்று மத்தியானம்தான் முதல் தடவை கேட்டது.

டொக்… டொக்… டொக்.

ரயில் என்று நினைத்தாள். மாத்தளை ரயில் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

டொக்… டொக்… டொக்.

விஜேந்திரன் மெஷினை நிறுத்தினான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் மெல்ல நடந்து போய், கல்லில் காதை வைத்தான்.

அவன் முகம் போன போக்கை இன்றைக்கும் பரிமளம் சொல்லிக் காட்டுவாள். காதை எடுத்த வேகத்தில் அவன் இரண்டு அடி பின்னால் போனான். கன்னம் நனைந்திருந்தது.

“அக்கா… உள்ளேருந்து.”

முதலாளியிடம் சொன்னார்கள். அவர் கல்லைச் சுற்றி வந்து, கையால் தட்டிப் பார்த்தார். “உள்ளுக்கு ஈரம் காயிது. கல்லு அப்பிடித்தான் சத்தம் போடும். வேற ஒண்டும் இல்ல.” சொல்லிவிட்டு அஸர் தொழுகைக்குப் போனவர், திரும்பி வந்து அந்தப் பக்கமே பார்க்கவில்லை. வாய் மட்டும் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தது.

பரிமளத்துக்குப் பயம் வரவில்லையாம். அவளே சொன்னாள். “எந்தம்பிதானே, எனக்கென்ன பயம்? அவன் கோவமா இருக்கான்னு நெனச்சேன். எனக்கும் கோவந்தான். ரெண்டு பேரும் ஒன்னாக் கோவப்படுறோம்னு இருந்திச்சி.”

ஆனால் அது கோபத்தில் தட்டுகிற சத்தம் இல்லை. அது தெரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

மறுநாள் திவாகரன் வந்தார். கல்லை லொறியில் ஏற்றுவதற்கு முன்னால் அவர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். ரிவர்ஸ்டன் பக்கமிருந்து மேகம் கறுத்துக்கொண்டு இறங்கியது. மழை பிடித்தது. தகரக் கூரையில் அடித்த அடியில் பேசுவது கேட்கவில்லை. திவாகரன் போனில் படம் எடுத்தார். எழுத்துகளைத் தடவிப் பார்த்தார்.

“இது ஏன் ஈரமா இருக்கு?”

விஜேந்திரன் துணியை எடுத்துத் துடைக்கப் போனான்.

கரண்ட் போனது.

மழையும் நின்றது. பைப்பை மூடினால் தண்ணீர் நிற்குமே, அப்படி நின்றது.

டொக்… டொக்… டொக்.

திவாகரன் கையிலிருந்த போன் இறங்கியது.

டொக்… டொக்… டொக்.

எது என்று அவர் கேட்கவில்லை. சுற்றுமுற்றும் பார்க்கவில்லை. இந்தச் சத்தம் எங்கே இருந்து வருகிறது என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்த மாதிரி இருந்தது. நேராகக் கல்லுக்குக் கிட்டே போனார். குனிந்தார். கல்லோடு வாயை வைத்து, மெதுவாக…

“சத்தம் போடாத.”

டொக்… டொக்…

“சத்தம் போடாதடா. அவங்க இன்னும் இறங்கல்ல. செக்கிங் முடியட்டும்…”

டொக் டொக் டொக் டொக்.

“இரு… இரு… தெறக்கிறேன்…”

அவருடைய வலது கை கல்லின் ஓரத்தில், நெஞ்சு உயரத்தில், எதையோ தேடியது. பிடித்தது. இழுத்தது. பலம் எல்லாம் கொடுத்து இழுத்தது. அங்கே ஒன்றும் இல்லை. வழுவழுப்பான கறுப்புக் கல்.

ஆனால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்டது. நான்கு பேருக்கும் கேட்டது.

பிறகு சத்தம் இல்லை.

பரிமளம் அவருக்குப் பின்னால் போய் நின்றாள்.

“எதத் தெறக்கப் போறீங்க, சேர்?”

திவாகரன் திரும்பினார். தான் எங்கே இருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். அவளைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

கை முழுக்கத் துரு.

ஓடினார். குடையை விட்டுவிட்டு, ஒரு செருப்பையும் சேற்றில் விட்டுவிட்டு ஓடினார். வேன் கண்டி ரோட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது.

பரிமளம் அங்கேயே நின்றாள். திருட்டுப் பூனைய அடைச்சி வைக்கிற மாதிரி. தம்பி சிரித்துக்கொண்டே சொன்னது காதில் ஓடியது. ஆபீசர்கள் வருகிறார்கள் என்று அவனை எங்கோ வைத்துப் பூட்டியிருக்கிறார்கள். பிறகு திறக்கவில்லை. பூட்டியபடியே கப்பலைக் கடலுக்கு விட்டிருக்கிறார்கள். பூட்டிய கை எது என்பதையும் இப்போதுதான் பார்த்தாள். தெரிந்துகொண்டே இரண்டு வருசமாக அவனை ஓடிப்போனவன் என்று சொல்லியிருக்கிறார்கள்.

அடுத்த நிமிசம் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உடைந்தது.

“நானும் அதத்தானே செஞ்சேன்? வந்து இருந்தவனைக் கொண்டுபோயி இருட்டுல வச்சி, மேல மூடித் தேய்ச்சிட்டேனே. கோவத்துல என் கண்ணு மறைஞ்சிருச்சி. அவன் தட்டினது என்கிட்டயுந்தான்.”

பெரிய சம்மட்டியை அவளே எடுத்தாள். விஜேந்திரன் பிடுங்கிக்கொண்டான்.

“முதலாளி?” என்று மட்டும் கேட்டான்.

ஸக்கரியா முதலாளி தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். “ஒடைங்க,” என்றார். “பிஸ்மி சொல்லி ஒடைங்க.”

பலகைகளைக் கழற்றி வைத்துவிட்டு விஜேந்திரன் அடித்தான். கட்டை இலேசில் விடவில்லை. வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நடுவில் பிளந்தது.

உள்ளே உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி. கல்லை வைத்த இடம்தான். கல்லின் வடிவம் அப்படியே பதிந்திருந்தது. சுற்றிய நூலின் தடம்கூட இருந்தது.

குழி நிறையத் தண்ணீர். விஜேந்திரன் விரலை நனைத்து நாக்கில் வைத்தான். கடல் தண்ணீர்.

கல் இல்லை.

ஒரு ஓட்டை இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. உடைத்த துண்டுகளையெல்லாம் இன்னும் சின்னதாக உடைத்துத் தேடினார்கள். நான் போனபோதும் அந்தத் துண்டுகளைப் பட்டறை மூலையில் பார்த்தேன். கல் எங்கேயும் இல்லை.

அன்றைக்கே முதலாளி விஜேந்திரனைக் கூப்பிட்டார். “ஒம்பதுக்குக் கீழ எடம் இரிக்கி தானே? அந்தப் புள்ளேட பேரையும் வெட்டு. கேக்கிறவங்க என்னட்ட வந்து கேக்கட்டும்.”

அப்படித்தான் பத்தாவது பெயர் கல்லில் ஏறியது. பரிமளம் பெயின்ட் நிரப்பினாள். பத்துப் பெயரும் ஒரே ராத்திரியில் காய்ந்தது. புதுக் கட்டை வார்த்தார்கள். அதில் ஈரமும் இல்லை, சத்தமும் இல்லை.

திறப்பு விழாவுக்குப் பரிமளமும் துஷாந்தினியும் பஸ் ஏறிப் போனார்கள். அவர்களை யாரும் அழைக்கவில்லை. கடல் ஓரமாகக் கொடிகள் கட்டி, பேண்ட் வாத்தியம் வாசித்து, வெள்ளை உடுப்புக்காரர்கள் வரிசையாக நிற்க, கல் ஜம்மென்று நின்றது. திவாகரன் வரவில்லை. திரையை விலக்கினார்கள். பெயர்கள் ஒன்பது.

பத்தாவது பெயர் இருந்த இடத்தில் கறுப்பு மெழுகு மாதிரி எதையோ அடைத்து, கல்லோடு கல்லாகத் தேய்த்துவிட்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. எழுத்துக்குப் பெயின்ட் அடித்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

மேடையில் யாரோ தியாகம், சேவை என்று பேசிக்கொண்டிருந்தபோது பரிமளம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். மலர் வளையங்களை ஒதுக்கினாள். கொண்டையிலிருந்து ஊசியை எடுத்தாள். முதல் எழுத்திலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள். காவலுக்கு நின்றவர்கள் வந்து கையைப் பிடித்தார்கள். அவள் ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் துஷாந்தினியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாலிக் கொடியில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றினாள். அவள் கடைசி எழுத்திலிருந்து சுரண்டினாள். இருவரும் நடுவில் சந்தித்தபோது பேச்சும் நின்றிருந்தது, வாத்தியமும் நின்றிருந்தது. அலைச் சத்தம் மட்டும்தான். அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரை மூடவில்லை. எனக்கு இந்தக் கதையில் மனம் குளிர்ந்த இடம் அது ஒன்றுதான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

இந்த வருசத் தொடக்கத்தில், கப்பல் போகிற பாதையை மறிக்கிறது என்று, மூழ்கிக் கிடந்த அந்தக் கப்பலை மண்ணைத் தோண்டி வெளியே எடுத்தார்கள். முன் பக்கத்தில், நங்கூரச் சங்கிலி போட்டு வைக்கிற ஒரு சின்ன இரும்பு அறை. கதவு வெளிப்பக்கமாகத் தாழ் போட்டிருந்தது. தாழ் நெஞ்சு உயரத்தில், வலது பக்கம். வெட்டித் திறந்தார்கள்.

உள்ளே ஒரு மனிதனின் எலும்புகள் இருந்தன. கதவின் உட்புறத்தில், கைக்கு எட்டுகிற உயரத்தில், பள்ளம் பள்ளமாக அடி விழுந்திருந்தது. திவாகரனைப் பொலிஸ் பிடித்தது. அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை, வக்கீல் பேசாதே என்றிருக்கிறாராம். அடைத்து வைத்திருக்கும் இடத்தில், கதவைச் சாத்தும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்கிறார் என்று கேள்வி.

பரிமளத்தை அழைத்து எலும்புகளைக் காட்டினார்கள். அந்தப் பொலிஸ் அதிகாரி நல்ல மனிதர். சிங்களத்தில் மெதுவாகப் பேசினார். ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டி, இது அவருடைய கைக்குள் இருந்தது என்றார். கதவைத் தட்ட இதைத்தான் வைத்திருந்திருக்கிறார், கப்பலில் இப்படி ஒரு ஆற்றுக்கல் எப்படி வந்தது என்றுதான் விளங்கவில்லை என்றார்.

உள்ளங்கைக்குள் அடங்குகிற கறுப்புக் கல். குறுக்கே வெள்ளை ரேகை.

பரிமளம் பையை வாங்கி நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். என்ன சொல்வாள்? கப்பல் மூழ்கி ஒரு வருசம் கழித்துத்தான் அந்தக் கல்லைத் தோட்டத்து ஓடையில் எடுத்தார்கள்.

எலும்புகளையும் அந்தக் கல்லையும் ஊருக்குக் கொண்டு வந்து, எலும்புகளை எரித்தார்கள். துஷாந்தினி தாலியைக் கழற்றினாள். காரியம் முடிந்ததும் நல்லம்மா தானாகவே கையை நீட்டி அந்தக் கல்லைக் கேட்டாள். ஓடைக்குள் முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாள்.

“போய்யா ராசா,” என்றாள். “யாரும் உன்னைய இனி அடைக்க மாட்டாங்க.”

தண்ணீரில் விடுவதற்கு முன்னால் பரிமளம் அதை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்தாள்.

ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அதில் கப்பல் கதவின் பச்சைப் பெயின்ட் ஏறியிருந்தது.

திருப்பினாள்.

மறு பக்கத்தில் சிமெண்ட் ஒட்டியிருந்தது. அதற்குள் அறுந்த மஞ்சள் நூல் ஒரு துண்டு. நூல் காய்ந்திருந்தது.